தாங்கி

கட்டில் காலில் இடித்துக்கொண்டது ஜெசிந்தாதான். "அம்மா!" என்று கத்தியது, அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் ததேயு.

"மன்னிச்சுக்கிடுங்க, பாக்காம இடிச்சிட்டேன்" என்று அவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். அவன் ஒற்றைக் காலில் நின்றபடி தோசையைத் திருப்பிப் போட்டான். மணப்பாட்டில் பந்தயக்காரர் இருக்கும் வீடுகளில் பொழுது இப்படித்தான் விடிந்தது.

வலிமாற்றி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இருவர் பிடரியிலும் அரிசி மணியளவில் ஒரு சில்லு. பந்தயப் பருவம் முடியும்வரை ஒருவர் உடம்பின் வலியெல்லாம் மற்றவர் நரம்புக்குப் போய்விடும். ஏற்றுக்கொள்பவருக்குப் பெயர் தாங்கி. கூலிக்கு ஆள் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. ரத்த உறவோ மண உறவோ இருக்க வேண்டும். தாங்கியின் மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் வலி உரியவருக்கே திரும்பிவிடும். அவருடைய பந்தயமும் அத்தோடு முடிந்தது.

ஜெசிந்தா ஓட்டியது சர்ஃப்ஸ்கி. இடுப்பளவே அகலமுள்ள நீண்ட, மெலிந்த படகு. மேலே திறந்த குழியில் உட்கார்ந்து, காலால் சுக்கானை மிதித்து, துடுப்பை இருபுறமும் மாற்றி மாற்றிப் போட்டு, பின்னால் எழும் அலையின் சரிவில் வழுக்கிப் போக வேண்டும். கைதான் இழுக்கிறது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அந்த விசை குதிகாலில் தொடங்கி, இடுப்பில் திருகி, விலா வழியாக ஏறுகிறது. இதையெல்லாம் ததேயு கடலில் இறங்காமலே, வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு கற்றான்.

பந்தயத்துக்குச் சில வாரங்கள் இருக்கையில் இடது விலாவில் புதிதாக ஒன்று குத்தத் தொடங்கியது. அவள் துடுப்பை முன்னே நீட்டும்போதெல்லாம் குத்தல். பிறகு அவள் இருமினாலும் குத்தல்.

பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் எபனேசர் வந்து கேட்பார்: "புதுசா வலி எதும் உண்டா தம்பி?"

"வழக்கம்போலதான் சார்."

வலியில்லை என்றால் யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை. சொன்னால் அவளை அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். போன முறை தாங்கியாக இருந்த அவள் அக்காள் பாதி வழியில் பொத்தானை அழுத்திவிட்டாள். கரைக்கு இழுத்து வரப்பட்ட ஜெசிந்தா பல நாள் யாரோடும் பேசவில்லை. அந்த முகம் ததேயுவுக்கு மறக்கவில்லை. வேறொன்றும் இருந்தது, அதை அவன் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அதுவரை அவன் அவளுக்குப் பின்னால் பை தூக்கி நின்ற ஆள். இப்போதோ, "ததேயு முனங்கக்கூட மாட்டாம்லா" என்று ஊர் பேசியது.

"ஏன் ஒருக்களிச்சே படுக்கீங்க?" என்று ஒரு நாள் அவள் கேட்டாள். "எனக்கு எங்கயாச்சும் வலிக்கா?"

"உனக்கென்ன பிள்ள, கல்லு மாரி இருக்க."

அவள் சிரித்தாள். தன் உடம்பைப் பற்றி அவள் நம்புவதற்கு அவனை விட்டால் வேறு ஆள் இல்லை.

பந்தயம் கன்னியாகுமரியில் தொடங்கி மணப்பாட்டில் முடியும். முதுகில் காற்று, அடியில் அலை. முடிவுக்கோட்டருகே கூடாரத்தில் ததேயு பல்லிடுக்கில் துணியைக் கடித்தபடி படுத்திருந்தான். உவரி தாண்டும்போது விலாவுக்குள் ஏதோ முறிந்தது. மூச்சை இழுக்கவே முடியவில்லை. கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று.

"உவரி தாண்டி ஜெசிந்தாவே முதலிடம்!" என்றது ஒலிபெருக்கி.

அவன் அந்தக் கையை முதுகுக்கடியில் திணித்து அதன்மேல் படுத்துக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து வெளியே ஆரவாரம் எழுந்தது. வலி சட்டென்று நின்றது. இத்தனை வாரத்தில் முதல்முறையாக உடம்பு முழுக்கக் காற்றுப் போல் லேசானது. "அப்பாடா" என்று மூச்சுவிட்டான். கண்ணீர் வழிய, துண்டை எடுத்துக்கொண்டு அவளை வரவேற்க ஓடினான்.

படகு கரையில் தட்டி நின்றது. ஜெசிந்தா துடுப்பைப் பிடித்தபடியே தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டோரம் ரத்தம்.

"விலா எலும்புல பழைய விரிசல். இன்னைக்கு முறிஞ்சு நுரையீரலக் கிழிச்சிருக்கு" என்றார் மருத்துவர். அவன் மணிக்கட்டைப் பார்த்தார். "உங்களுக்கு வலிக்கவே இல்லையா?"

"வலிச்சுது டாக்டர்" என்றான். "தாங்கிக்கிட்டேன்."

ஆண்டு விழாவில் படகோட்டிகள் சங்கம் அவனை மேடைக்கு அழைத்தது. "மனைவியின் உயிர் பிரியும் வலியையும் பொத்தானைத் தொடாமல் தாங்கிய மாமனிதர்" என்று செயலாளர் வாசித்து, பொன்னாடை போர்த்தினார்.

ததேயு ஒலிவாங்கியை இறுகப் பிடித்தான். "தாங்கியிருக்கக் கூடாதுய்யா. கத்தியிருக்கணும்…"

எவ்வளவு தன்னடக்கம் என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில், தொடங்கியிருந்த புதுப் பருவத்தின் தாங்கிகள் இருந்தார்கள்: மனைவிமார், அண்ணன்மார், ஒரு தகப்பன். யாருடைய வலிக்கோ பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல், அவர்களும் தட்டினார்கள்.