இரைச்சல் நின்ற நாள்

"எங்கப்பா போய் ஒரு வருஷம் ஆகப் போகுது சார். நேத்து சாயங்காலம் அவர் எங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு விடலை."

வந்த பெண் பள்ளிக்கூட ஆசிரியை. பேசிப் பழகிய குரல்தான், ஆனாலும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. மடியில் ஒரு சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தீ விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். வீடே பற்றி எரிந்தாலும் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டலாக வைத்த பெயர் அது. பக்கத்தில் இருந்தவர் அவருடைய மைத்துனர். சில நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், அக்காவின் சாப்பாட்டையும் அத்தானைத் தேடி வரும் வழக்குகளையும் விட்டுப் பிரிய மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். வந்த பெண் வாயைத் திறக்கும் முன்பே குற்றவாளி யார் என்று முடிவு செய்துவிடக்கூடிய அவசரக்காரர்.

அவள் சொன்ன கதை இதுதான். அப்பா வானொலி நாடகங்களில் நடித்தவர். முகம் தெரியாவிட்டாலும் அவர் குரலைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் குறைவு. தன் நாடகங்களை வீட்டில் பெரிய வட்ட டேப்புகளில் சேர்த்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அம்மா அழவே இல்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. குளித்துவிட்டு வந்து அந்த அறையில் டேப்பை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அதுவும் நிம்மதியாக இல்லை. அப்பாவின் குரலுக்கு அடியில் எப்போதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அவர் பேசுவதை யாரோ தலையணை வைத்து அமுக்குவதுபோல இருக்கிறது என்று அம்மா தவிப்பாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அம்மாவும் மகளும் வெளியூர் போய்த் திரும்பி வந்து டேப்பைப் போட்டபோது இரைச்சல் இல்லை. பக்கத்தில் நின்று பேசுகிறாற்போல அப்பாவின் குரல். அம்மா ஆசையாக ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியை வருடினாள். வருடிய விரலை யாரோ தொட்டார்கள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்னு சொல்வாங்க. புத்திதான் பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். ஒருநாள் நானும் கையை வச்சேன் சார். என் கையில இருந்த முடியெல்லாம் நட்டுக்கிச்சு."

அம்மாவின் அண்ணன், அதாவது மாமா, கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். பேயாவது பிசாசாவது என்று அவரும் வந்து கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு யாரைப் பிடிக்குமோ அவர்களைத்தான் தொடுவார் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம் என்பதால் மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து அம்மா சாப்பிட ஆரம்பித்தாள், தலை சீவிக்கொண்டாள், சிரித்தாள். ஆனால் போகப் போக அந்தத் தொடுதல் வலுத்தது. நேற்று அம்மா ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்தபடி, பக்கத்தில் கைகழுவும் தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை மறு கையால் மூடப் போயிருக்கிறாள். அவ்வளவுதான், இரண்டு கையும் ஒட்டிக்கொண்டன. அலறக்கூட முடியவில்லை. தற்செயலாகத் தெருவுக்கே கரண்ட் போனதால் கை விடுபட்டது. மகள் ஓடிவந்து பார்த்தபோது அம்மா தரையில் கிடந்தாள், முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

"கூட்டிட்டுப் போகத்தான் பிடிச்சார், நான்தான் பயந்துட்டேன்னு சொல்றாங்க. நாளைக்கு அவங்க கல்யாண நாள். நாளைக்குப் பயப்பட மாட்டாங்களாம். அறையைப் பூட்டிட்டுச் சாவியை எடுத்துட்டு வந்திருக்கேன். எத்தனை நாளைக்குப் பூட்டி வைக்கிறது?"

மைத்துனருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நிதானத்துக்கு ஒன்றும் சிலிர்க்கவில்லை. மாமா கையை வைத்தபோது காலில் என்ன போட்டிருந்தார் என்று கேட்டார். பித்தவெடிப்புக்காக வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புதான் என்று பதில் வந்தது. மைத்துனர் தொடையைத் தட்டிக்கொண்டார். இரைச்சலைச் சரி செய்தது யார் என்பது அடுத்த கேள்வி. அது யாருக்கும் தெரியாது. ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவி மாமாவிடம் இருந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒலிப்பதிவாளர் ஒருவர், அப்பாவின் உயிர் நண்பர், அவ்வப்போது வந்து டேப்புகளைத் துடைத்து வைப்பார்; அவரும் சாவி வாங்கி மேலே போயிருக்கலாம். இரண்டு பேருமே தாங்கள்தான் சரி செய்தோம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அப்பாவே தொண்டையைச் செருமிக்கொண்டு கிட்டே வந்துவிட்டார் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நல்ல காரியத்தைச் செஞ்சவங்க வாயைத் திறக்கலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்றார் நிதானம். "இப்பவே போகலாம். அந்த ஒலிப்பதிவாளரையும் வரச் சொல்லிடுங்க."

போகும் வழியெல்லாம் மைத்துனர் மாமாவைக் கூண்டில் ஏற்றிக்கொண்டே வந்தார்.

வீடு பழையது. வாசலில் அழைப்பு மணி சணல் கயிற்றால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. உடைந்தது எதுவானாலும் கயிற்றைக் கட்டிச் சரி செய்துவிடுவது மாமாவின் கைவண்ணம் என்று மகள் சொன்னாள். எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு மாடியேறினார்கள். மாமா மட்டும் ரப்பர் செருப்பு சப்தமிட முன்னால் போனார். மைத்துனர் அந்தச் செருப்பையே முறைத்துக்கொண்டு ஏறினார்.

பூட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஈரக்காற்று வந்தது. திரைகள் மூடியிருந்தன. பூட்டும் முன் கழுவிவிட்ட சிமெண்டுத் தரை இன்னும் காயவில்லை. மூலையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மேசையின் மேல் பழைய டேப் ரெக்கார்டர், அதிலிருந்து ஒரு கேபிள் போய்ச் சேரும் சாம்பல் நிற ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. ஆம்ப்ளிஃபயரின் பெட்டியில் ஓர் இடம் மட்டும் கை பட்டுப் பட்டுப் பளபளத்தது. மைத்துனர் அத்தானுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக நின்றுகொண்டார்.

அம்மா அப்போதுதான் குளித்திருந்தாள். ஈரத் தலையும் ஈரக் காலுமாக, வந்தவர்களைப் பார்த்தும் பாராமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒலிப்பதிவாளரும் வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

யாராவது டேப்பைப் போட்டுக் காட்ட முடியுமா என்று நிதானம் கேட்டார். தனக்கு எதற்கு வம்பு, மச்சான் உயிரோடு இருந்தபோதே தன்னைக் கண்டால் ஆகாது என்று மாமா ஒதுங்கிக்கொண்டார். ஒலிப்பதிவாளர் முன்னே வந்தார். கால்மிதியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு அதன்மேல் நின்றார். இடது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும் டேப் வட்டைத் தூக்கி மாட்டினார். ஒற்றைக் கையில் அது தடுமாறியது. டேப்பின் நுனியைக் கோப்பதற்கும் வெகுநேரம் பிடித்தது. அப்போதும் இடது கை வெளியே வரவில்லை.

டேப் சுழன்றது. இறந்தவரின் குரல் அறைக்குள் வந்தது.

"யாரது வாசல்ல? கதவு திறந்துதான் இருக்கு. உள்ள வாயேன்."

ஏதோ ஒரு பழைய நாடகத்தின் வசனம். அது தெரிந்திருந்தும் மைத்துனர் திரும்பி வாசலைப் பார்த்துவிட்டார். அம்மா எழுந்தாள். வலது கை பெட்டியை நோக்கிப் போனது.

"ஒரு நிமிஷம் பொறுங்கம்மா" என்று நிதானம் குறுக்கே வந்தார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அம்மாவின் கை பட்டுப் பளபளத்த அதே இடத்தில் வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பாக விளக்கு எரிந்தது. சுவரில் சுவிட்சை அணைத்தார். இரண்டு பிளக்குகளையும் பிடுங்கினார். குரல் பாதி வார்த்தையில் நின்றது. ஆம்ப்ளிஃபயரின் மூன்று முள் பிளக்கைக் கழற்றிப் பிரித்து எல்லாருக்கும் காட்டினார். பெரிய முள்ளுக்குப் போகவேண்டிய பச்சை ஒயர் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய நுனியில் சின்ன உறை மாட்டி அழகாக மடித்து வைத்திருந்தது.

மைத்துனரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மாமாவைக் காட்டி, சாவி இவரிடம், ஷாக் அடிக்காமல் ரப்பர் செருப்பு இவர் காலில், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"செருப்பு போட்டதாலதான் அவருக்கு ஷாக் தெரியலை, அது வாஸ்தவம். ஆனா அவர் எல்லா இடத்துக்கும் அதே செருப்போடதான் போறார். ஷாக்குக்காகப் போடுறவர் இந்த அறைக்கு மட்டும் போட்டிருப்பார். தவிர, மாமா இந்த ஒயரை வெட்டியிருந்தா இதுல சணல் கயிறுதான் இருந்திருக்கும். இது பழகின கை செஞ்ச வேலை" என்றார் நிதானம்.

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, மெதுவாக விளக்கினார். இந்த டேப் ரெக்கார்டர் பழசு. உள்ளே பூச்சு நைந்துபோய் கரண்ட் கசிகிறது. கசிந்தது கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு வந்து, அதன் எர்த் ஒயரான அந்தப் பச்சை ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது போகிற சத்தம்தான் அந்த 'ம்ம்ம்'.

"உங்களுக்குத் தொந்தரவா இருந்த அந்த இரைச்சல்தான்மா உங்களைக் காப்பாத்திக்கிட்டு இருந்தது. எர்த்தை வெட்டினதும் இரைச்சல் நின்னுடுச்சு. ஆனா கரண்ட் நிக்கலை. போக வழியில்லாம பெட்டியிலயே காத்துக்கிட்டு இருந்தது. ஈரக் காலோட நீங்க வந்து தொட்டதும் உங்க வழியா போச்சு. கசிவு கூடக் கூட இழுக்கிறதும் கூடிச்சு. நேத்துக் குழாயைத் தொட்டப்ப நெஞ்சு வழியாவே போயிருக்கு. அந்த நேரம் தெருவுக்கே கரண்ட் கட் ஆகலைன்னா நீங்க இன்னைக்கு இல்லை."

குழாயா, என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. மகள் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது.

"உங்களுக்கு அது தெரியாதுன்னு நினைச்சேன்" என்றார் நிதானம். "ஆனா பெட்டியில கரண்ட் இருக்கிறது தெரியும். காலமெல்லாம் ரெண்டு கையாலயும் டேப் கோத்தவர், இன்னைக்கு ஒரு கையைப் பையில வச்சுக்கிட்டுத் திண்டாடினீங்க. ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியா போகும்னு தெரிஞ்சவங்க செய்யற காரியம் அது. கால்மிதியை இழுத்துப் போட்டதும் ஈரத் தரையில கால் படக்கூடாதுன்னுதான்."

ஒலிப்பதிவாளர் மறுக்கவில்லை. ஸ்டுடியோவில் இரைச்சல் வந்தால் எர்த்தைக் கழற்றிவிடுவது தங்களுக்குப் பழக்கம் என்றும், அங்கே யாருக்கும் எதுவும் ஆனதில்லை என்றும் சொன்னார். நண்பனின் குரல் சுத்தமாகக் கேட்கட்டும் என்றுதான் செய்தார். அன்று சாயங்காலமே சொல்லலாம் என்று வந்தவரை, அம்மா வாசலிலேயே நிறுத்தி, அவர் வந்துட்டார் என்று சொன்னாளாம். விரலைத் தொட்டாராம். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அத்தனை மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் எனக்கு ஒரு வாய் காபி கொடுத்து, தானும் குடிச்சாங்க. அது ஷாக்குன்னு எந்த வாயால சொல்றது? லேசா தானே இருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை சொல்லலாம், அடுத்த தடவை சொல்லலாம்னு..."

மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். கொலைகாரனைப் பிடிக்க வந்த இடத்தில், பிடிப்பதற்கு ஒரு நல்ல மனிதர்தான் கிடைத்தார் என்பது அவருக்குப் பெரிய ஏமாற்றமாகவும் அதைவிடப் பெரிய வருத்தமாகவும் இருந்தது. நிதானம் மட்டும் இளகவில்லை. அந்த டேப் ரெக்கார்டரைச் சரி செய்து, ஆம்ப்ளிஃபயருக்கு எர்த்தைச் சேர்த்து, மேசையைக் குழாயை விட்டுத் தள்ளிப் போடும்வரை எதையும் சுவரில் சொருகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, பிளக்குகளை மகளின் கையில் கொடுத்தார்.

அம்மா கிட்டே போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெறும் இரும்பு. கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க இனி எதுவும் இல்லை.

"நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்று ஒலிப்பதிவாளரிடம் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. "அழுதிருப்பேன். அவ்வளவுதானே? அழ விட்டிருக்கலாமே."

அம்மாவின் உதடு கோணியது. ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது, மூச்சு முட்ட, வீடு முழுக்கக் கேட்கும்படி. மாமா செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து தங்கையைத் தாங்கிக்கொண்டார். மகள் பிளக்குகளைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் கையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.