கால் வைத்த பள்ளிக்கூடம்

தாண்டிமேட்டுப் பள்ளிக்கூடம் அன்று காலையும் ஓரடி நகர்ந்திருந்தது. மழைக்காலத்தில் அது வழக்கம்தான். பிள்ளைகள் வாசலைத் தேடிப் பிடித்து உள்ளே போனார்கள்.

மலைச்சரிவை வெட்டாமல், சிமெண்ட் ஊற்றாமல் பொறியாளர் நித்திலா கட்டிய பள்ளி அது. அடியில் மண்ணறிகால்கள். வேர் மாதிரி இறங்கி ஈரம் பார்க்கும். பிடிமானம் குறைந்தால் மெல்ல எடுத்து வேறிடத்தில் ஊன்றும். கூரையில் விழும் மழை கீழே பாயும் வேகமே அதற்குச் சக்தி.

இடம் கொடுத்தவள் பொன்னுத்தாய். படுக்கையில் கிடக்கும் மாமனாரைச் சம்மதிக்க வைத்து, பீன்ஸ் தோட்டத்தைக் கொடுத்தாள். கட்டி முடிக்கும்வரை நித்திலாவுக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். எச்சரிக்கை சொல்லிப் பள்ளி பேசும்போது பிள்ளைகள் மிரளக் கூடாதே என்று பொன்னுத்தாயின் குரலையே அதில் பதிவுசெய்து வைத்தாள் நித்திலா.

மதியம் மழை வலுத்தது. பள்ளி எழுந்தது. இந்த முறை ஓரடியோடு நிற்கவில்லை, நடந்தது. ஓடையைத் தாண்டி, எதிர்ப்பாறையில் ஏறி, கால்களை இறுக்கிக்கொண்டது. சன்னலில் பிள்ளைகள் கையாட்டினார்கள். ஊரே கைதட்டியது.

"உன் புள்ள நல்லாத்தான் நடக்குது தாயி." மேற்பார்வைக்கு வந்திருந்த நித்திலாவின் தோளைத் தட்டினாள் பொன்னுத்தாய்.

சாயங்காலம் மணி அடித்தும் கதவு திறக்கவில்லை. அங்கே படிக்கும் தன் மகளைக் கூட்டிவர நித்திலாவோடு பாறைக்குப் போனாள் பொன்னுத்தாய். பள்ளி அவள் குரலிலேயே பேசியது:

"வீட்டுப் பக்கம் மண்ணு சரியில்ல கண்ணுகளா. யாரும் போக வேணாம். இங்கனயே இருங்க."

போன வருடம் இதைச் சொல்லிப் பதிவுசெய்யும்போது பொன்னுத்தாய் சிரித்தாள். 'யாரு வீட்டுப் பக்கம் தாயி?' என்று கேட்டாள். 'சும்மா, ஒரு பேச்சுக்குக்கா' என்றாள் நித்திலா.

இப்போது நித்திலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"அளவெடுக்கும்போதே தெரியும்க்கா, உங்க சரிவு நிக்காதுன்னு. சொல்லியிருந்தா ஊரையே காலி பண்ணச் சொல்லிருப்பாங்க. பள்ளிக்கூடம் வந்திருக்காது."

"எஞ் சோத்தத் தின்னுக்கிட்டே அளவெடுத்திருக்க."

"அக்கா..."

"பள்ளிக்கூடத்துக்குக் கால் வெச்ச. எங்க வீட்டுக்கு?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. மாமனார் அந்தச் சரிவிலிருக்கும் வீட்டில், எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினாள்.

"போக வேணாம் கண்ணு," என்று அவளுடைய குரலே, அவளுடைய அதே வாஞ்சையோடு, பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது.