கைலேஞ்சியின் நாலாவது மூலை

நேற்று அஸர் தொழ எழுந்தபோது கைலேஞ்சி ஓரத்தில் மூன்று ரேந்தைப் பூக்கள்தான் பின்னி முடித்திருந்தாள். இன்று காலையில் பார்த்தால் நான்கு. வீட்டுக்குள் வந்து ஒரு பூவைப் பின்னிக் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்கு நல்ல மனசுக்காரர் யார்? பஸீஹா இருமிக்கொண்டே மறுபடி எண்ணினாள். ஏழு மாதப் பிள்ளையைச் சுமப்பவளுக்கு மறதி வராமல் என்ன செய்யும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அந்தப் பழைய கைலேஞ்சியை, ஓரமெல்லாம் ரேந்தை வைத்த கைக்குட்டையை, ஹேவாஹெட்டைத் தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்யும் ஜெயராணி பின்னித் தரச்சொல்லிக் கொண்டுவந்திருந்தாள்.

"பங்களா அலுமாரியில கெடந்துச்சுக்கா. மூணு மூலை ரேந்தை நல்லா இருக்கு. ஒண்ணுதான் பிஞ்சு போச்சு."

பிய்ந்த இடத்து நூலையே பிரித்தெடுத்துத் திரும்பப் பின்னுவது பஸீஹாவின் வழக்கம். புதுநூல் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். கழுவினால் பழைய நூல் பஞ்சாகிவிடும் என்று, கழுவாமலேயே நுனியை வாயில் ஈரமாக்கித்தான் ஊசியில் கோர்ப்பாள். இந்த நூல் புளித்த பாலைப்போல் நாவில் ஒட்டியது. இருமல் தொடங்கியதும் அதை வாயில் வைத்த அன்றுதான்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த மழை, கண்டி வீதி பஸ்களின் இரைச்சலையெல்லாம் மூடிவிட, சாத்திய அறைக்குள் புளித்த பால் வாடை கனமாக ஏறிக்கொண்டே இருந்தது. மேசையில் இப்போது ஐந்து பூக்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுபஹ் தொழுகையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை. ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவள்.

கடையிலிருந்த கணவனை ஃபோனில் பிடித்தாள். "இஞ்ச பாருங்க, புள்ள அசையுதில்ல."

"பயப்படாத. த்ரீவீல் எடுத்துட்டு வாறேன். ரெடியா இரி," என்றான் பஹ்மி.

சும்மா இருக்க முடியவில்லை. கைகளுக்கு வேலை வேண்டியிருந்தது. லேஞ்சியில் தொங்கிய நூலின் நுனியை வாயில் வைத்தாள்.

எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

தொண்டைக்குக் கீழே போயிருந்தது. இழுத்தாள்.

உள்ளே பிள்ளை துள்ளியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. மறுபடி இழுத்தாள். மறுபடி துள்ளியது.

பிறகு, உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

மெதுவாக. ஒரு சாண். இன்னொரு சாண். மேசையில் லேஞ்சி அவளை நோக்கி நகர்ந்தது.

கத்திரிக்கோலை எடுத்து நூலில் வைத்தாள். வயிறு கல்லாகியது. அசைவில்லை.

விலக்கினாள். அசைந்தது.

மறுபடி வைத்தாள். கல்.

வாசலில் ஹோர்ன் அடித்தது. பஹ்மி கதவைத் தட்டினான். கத்திரிக்கோல் தரையில் விழுந்தது. லேஞ்சி மேசை விளிம்பிலிருந்து சரிந்து, வயிற்றின்மேல் ஊர்ந்து, அவள் நெஞ்சில் ஏறியது.

பஸீஹா வாயைத் திறந்து கொடுத்தாள்.