தொட்டியில் ஒருவர்

எந்திரத்தை இயக்கும் நிரலின் உதவிப் பட்டியலில் பதினான்கு கட்டளைகள்தான் இருக்க வேண்டும். அன்று மதியம் பதினைந்து இருந்தன.

பழைய இரும்பை நசுக்கும் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில், எழுத்துகள் மட்டும் ஓடும் கறுப்புத் திரைக்கு முன்னால் ஆறு வருடமாக நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர், ஏசியின் உறுமலையும் கீழிருந்து கசிந்த துருவும் சூடான எண்ணெயும் கலந்த வாடையையும் மறந்து விரல்விட்டு எண்ணினார். திற, மூடு, நிறுத்து, பூட்டு... கடைசியில், யாரும் வைக்காத ஒன்று: ஊட்டு.

கண்ணாடிக்கு அப்பால், நசுக்கும் தொட்டிக்குள் இறங்கி, ஒட்டிய கசடைச் சுரண்டிக்கொண்டிருந்தார் ஃபிட்டர். தங்கையின் கணவர்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "மச்சான், மெஷினப் பூட்டிட்டியா? தூங்கிடாத. உன் தங்கச்சி தாலிக்கு நீதான் கேரண்டி."

"பூட்டியாச்சு மாப்ள. நீ சொரண்டி முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

சிரித்தார். கண் பதினைந்தாவது கட்டளையிலேயே நின்றது.

ஒவ்வொரு கட்டளைக்கும் 'உறுதியா?' என்று கேட்பது நிரலின் வழக்கம். பெண்டாட்டிகூட அத்தனை தடவை கேட்பதில்லை என்று அலுத்துக்கொண்டு, தன் பயனர் அமைப்பில் அதை அணைத்துவைத்த மகாபுத்திசாலி அவர்தான். இப்போது அமைப்பைத் திறந்தார்.

உறுதி கேள்: இல்லை.

'ஆம்' என்று மாற்றி என்டர் தட்டினார்.

உறுதி கேள்: இல்லை.

மறுபடி. இல்லை. அதன் கீழே புதிதாக ஒரு வரி.

தொட்டியில்: ஒருவர்.

இதை அதற்கு யார் சொன்னது?

"மாப்ள, மேல வா."

"இன்னும் ரெண்டு மூலை பாக்கி..."

"ஏறுடா!"

சிவப்புப் பொத்தானை அறைந்தார். ஒன்றுமில்லை. மின்சுவிட்சைப் பிடுங்காத குறையாக இழுத்தார். விளக்கு அணைந்தது. திரை அணையவில்லை.

விசைப்பலகையிலிருந்து கைகளைத் தூக்கிக்கொண்டார். விசைகள் தாமாகவே அமுங்கின.

ஊ. ட். டு.

தொட்டியின் நசுக்கும் தகடுகள் நகர்ந்தன. ஃபிட்டர் ஏணிக்குப் பாய்ந்தார். ஒரு படி. இரண்டு.

"மச்சான் நிறுத்து மச்சான் நிறு..."

எலும்பு நொறுங்கும் சத்தம். கரகரப்பினூடே. நிதானமாக. கண்ணாடியில் சிவப்பு வீசியடித்து வழிந்தது.

அப்புறம் அமைதி.

ஏணிப்படியில் கை மட்டும் தொங்கியது. மணிக்கட்டு வரை. அதன் விரல்கள் இரும்பைத் தட்டின. ஒவ்வொன்றாக. ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் ஓர் எழுத்து விழுந்தது.

ஊட்டு. ஓர் இடைவெளி.

பிறகு, பொறுமையாக, தங்கையின் பெயர்.