டிக்கெட் எடுக்காத மடவை

அன்று சாயங்காலம் வேலம்மா சோற்றைப் பிசைந்து உருட்டிக்கொண்டே கதை சொன்னாள். ஓர் உருண்டை பூபதிக்கு, அடுத்த உருண்டை அர்ச்சனாவுக்கு. பூபதிக்கு ஐந்து வயது. அர்ச்சனாவுக்குப் பதினொன்று. அம்மா கையால் உருண்டை வாங்கிச் சாப்பிடும் வயதெல்லாம் தாண்டிவிட்டது என்று அவள் சொல்லிக்கொள்வாள். ஆனாலும் கதை நேரத்தில் கையை நீட்டிவிடுவாள்.

கதையில் ஒரு மடவை மீன். பழவேற்காடு ஏரியில் மடவைகள் துள்ளுவதைப் பார்க்காத பிள்ளைகள் கோட்டைக்குப்பத்தில் கிடையாது. வேலம்மாவின் மடவை மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே துள்ளும். அன்றைக்கு அது ஏரியிலிருந்து எகிறி, பொன்னேரி போகிற பஸ்ஸின் சன்னல் வழியாக உள்ளே போய் விழுந்துவிட்டது.

"வுழுந்துட்டு சீட்டுல சொகுசா உக்காந்துக்கிச்சு," என்றாள் வேலம்மா. "கண்டக்டர் வந்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சி மறுபடி மாட்டிக்கினு பார்த்தாரு. 'இன்னா மடவை, டிக்கெட் எங்க?'னு கேட்டாரு."

"அப்பால?" என்றான் பூபதி.

"அப்பால இன்னா? சட்டி காலி. மீதி நாளைக்கு."

மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐந்தாம் நாள் அம்மா இனி வரமாட்டாள் என்று சொன்னார்கள்.

பதினாறு நாள் வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்தார்கள். பிறகு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டில் மூன்று பேர் மிஞ்சினார்கள்: அர்ச்சனா, பூபதி, அவர்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா சிங்காரம். நைனா விடியற்காலையில் படகில் போவார், மதியம் திரும்புவார், அவரே சமைப்பார். அவர் வைக்கும் குழம்பு பரவாயில்லை. பிரச்சினை குழம்பில் இல்லை.

பூபதி சாப்பிட மறுத்தான். இரண்டு வாய் வாங்குவான், அதோடு சரி.

"மடவை இன்னும் பஸ்ஸுலயே கீது," என்பான். "கண்டக்டர் கேட்டுக்கினே நிக்கிறாரு."

ஒரு நாள் நைனா தானே கதையை முடிக்கப் பார்த்தார். "கண்டக்டரு அந்த மடவையைத் தூக்கினாரு. வூட்டுக்கு எடுத்துனு போயி கொழம்பு வெச்சாரு. கதை முடிஞ்சிது. சாப்பிடுடா."

பூபதி அழுத அழுகையில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"மீன் பிடிக்கிறவன்கிட்ட மீன் கதை கேட்டா வேற எப்படி வரும்?" என்று நைனா தலையைச் சொறிந்தார்.

அர்ச்சனாவும் முயன்றாள். மடவை டிக்கெட் எடுத்துக்கொண்டதாகச் சொன்னாள். மடவை சன்னல் வழியாகத் திரும்பக் குதித்துவிட்டதாகச் சொன்னாள். பூபதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்தான்.

"இது நீ சொல்றது. நெசமான கதையைச் சொல்லு. அம்மா வெச்சிருந்தாங்களே, அது."

பள்ளிக்கூடம் போகும்போது பூபதியின் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. அவள் ஊக்கு குத்திவிட்டாள். அடுத்த வாரம் இன்னொரு ஊக்கு தேவைப்பட்டது.

நிஜமான கதை யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தாள். ருக்கு அத்தை ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கும். அம்மாவும் ருக்கு அத்தையும் ஒன்பது வருஷமாக ஒன்றாகப் பொன்னேரிக்குப் போய் மீன் விற்றவர்கள். போகும்போதும் வரும்போதும் ஒரே பஸ், ஒரே சீட்டு.

சனிக்கிழமை மத்தியானம் அர்ச்சனா பஸ் நிறுத்தத்தில் போய்க் காத்திருந்தாள். ருக்கு அத்தை காலி அன்னக்கூடையோடு இறங்கினாள்.

"இன்னா அச்சு, வெயில்ல நிக்கிற? நைனாவுக்கு எதுனா ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல அத்தை. அம்மா எங்களுக்கு ஒரு மடவை கதை சொன்னாங்க. அதோட முடிவு உங்களுக்குத் தெரியுமா?"

ருக்கு அத்தை கூடையைக் கீழே வைத்தாள். சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முடிவா? அது அவளுக்கே தெரியாதும்மா."

அர்ச்சனாவுக்குப் புரியவில்லை.

"ராத்திரி உங்ககிட்ட மடவையை எங்கனா மாட்டி வுட்டுடுவா," என்றாள் ருக்கு அத்தை. "மறுநாள் பஸ் ஏறினதும் எங்க உசுரை எடுப்பா. 'ஏ ருக்கு, நேத்து மடவை கிணத்துல வுழுந்துடுச்சி. எப்படி வெளிய எடுக்கலாம், சொல்லு'ன்னு. நானும் எதுனா உளறுவேன். பின்சீட்டுல கீரை விக்கிற ஆயா ஒண்ணு சொல்லும். உங்கம்மா சன்னல்ல பார்த்துக்கினே வருவா. ஒரு ஆடு, ஒரு போஸ்டர், எது கண்ணுல பட்டாலும் அன்னிக்குக் கதையில சேர்ந்துடும். கண்டக்டரே கேப்பாரு, 'என்னைக் கெட்டவனா காட்டிடாதம்மா'ன்னு."

"அப்ப பஸ்ஸுல வுழுந்த மடவை?"

"காய்ச்சலோட வந்தா பாரு, அன்னிக்குக் கேட்டா. 'டிக்கெட் இல்லாம மாட்டிக்கிச்சு ருக்கு, இன்னா பண்ணலாம்?'னு. நான் நல்லா தூங்கிட்டேன். பதிலே சொல்லல." கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "உங்கம்மா இருந்தா எங்க பஸ்ஸே சிரிச்சிக்கினு போவும், அச்சு. அந்த மட்டுக்கும் எங்களுக்குக் கொடுத்து வெச்சிருந்துது."

அர்ச்சனா வீட்டுக்கு நடந்தாள்.

இத்தனை நாளாக, அம்மா ஒரு கதையைப் பூட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்திருந்தாள். அம்மா எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மடவையைச் சீட்டில் உட்கார்த்திவைத்து, பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம்.

கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் ஓர் ஆடு படுத்திருந்தது. மடவை இங்கே வந்தால் ஆட்டிடம் என்ன கேட்கும்? ஐஸ் வண்டிக்காரர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதே பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார். மடவை அதைச் சொல்லுமா, சொல்லாதா? ஏரியில் தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. இன்னொரு காலை எங்கே வைத்தன என்று மடவைக்குச் சந்தேகம் வருமே.

ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அவள் எதையும் தேடவில்லை.

வசந்தம் வந்தால் மாமரம் பூக்கும், குயில் கூவும் என்று அர்ச்சனாவின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. கோட்டைக்குப்பத்தில் அவளுக்குத் தெரிந்து மாமரம் இல்லை. பங்குனி வெயிலில் மணல் காலைச் சுட்டது. ஆனாலும் அந்த மத்தியானம் அவளுக்குள் என்னவோ துளிர்விட்டிருந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவள் யோசிக்கவில்லை. சூடு பொறுக்காமல் ஓடினாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் நைனா இறால் குழம்பு வைத்திருந்தார். பூபதி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"பூபதி, நெசமான கதைனு ஒண்ணு எங்கயுமே இல்லடா," என்றாள் அர்ச்சனா. "அம்மாவுக்கே தெரியாதாம். தினமும் பஸ்ஸுல எல்லாரையும் கேட்டுக் கேட்டுத்தான் சேர்ப்பாங்களாம். ருக்கு அத்தை சொன்னாங்க."

"பொய்."

"போயி வேணா கேளு."

பூபதி மடியிலிருந்து கையை எடுத்தான். "அப்ப மடவையை யாரு இறக்கி வுடுறது?"

"நாமதான். மொதல்ல இதைச் சொல்லு. அந்த மடவை ஆணா, பொண்ணா?"

"பொண்ணு," என்றான் உடனே. "ஆம்பளை மீனுக்கு அவ்ளோ தைரியம் வராது."

நைனாவுக்குப் புரையேறியது.

"பொண்ணுனா..." என்று அர்ச்சனா இழுத்தாள்.

பூபதியின் கண் பெரிதானது. "பொண்ணுனா பஸ்ஸுல ஃப்ரீ. அம்மாவுக்கு ஃப்ரீ, ருக்கு அத்தைக்கு ஃப்ரீ. மடவைக்கும் ஃப்ரீ."

"அதையேதான் மடவையும் சொல்லிச்சு. கண்டக்டர் சட்டப் புத்தகத்தை எடுத்து மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பார்த்தாரு. மீனுக்குக் கிடையாதுனு எங்கயும் போடல. சரினு ஃப்ரீ டிக்கெட் ஒண்ணு கிழிச்சிக் குடுத்தாரு. மடவைக்குத்தான் கை இல்லியே. வாயிலயே கவ்விக்கிச்சு. அப்பால கண்டக்டரு 'எங்க இறங்கணும்மா?'னு கேக்குறாரு..."

"வாயத் தொறந்தா டிக்கெட் வுழுந்துடும்," என்றான் பூபதி. சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"ஆமா. அதனால பேசவே இல்ல. பேசாம போயி எங்க இறங்கிச்சு தெரியுமா? பொன்னேரி மார்க்கெட்டுல. மீன் மார்க்கெட்டுல."

பூபதி இன்னொரு வாய் அள்ளினான்.

"தலை நிமிர்ந்து பார்த்தா, எதுத்தாப்புல ருக்கு அத்தை. கையில பளபளன்னு அரிவாமனை."

"ருக்கு அத்தை வெட்ட மாட்டாங்க."

"யாரு கண்டா?"

"நம்ம மடவைனு தெரியும்கா அவங்களுக்கு. சொல்லுக்கா, வெட்டுவாங்களா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுடா," என்றாள் அர்ச்சனா.

உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம். இப்படி ஒன்றை விட்டுவிட்டுப் போன அம்மாவை நினைத்துக்கொண்டாள். முதல்முறையாக, நினைத்ததும் சிரிப்பு வந்தது.

"நாளைக்கு நான் ஒண்ணு யோசிச்சி வெக்கிறேன்," என்றார் நைனா.

"நீங்க வேணாம்," என்றார்கள் இரண்டு பேரும்.

நைனா சிரித்தபடி தட்டுகளை எடுத்தார். பூபதியின் தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. கறிவேப்பிலை மட்டும் ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருந்தது. யார் குழம்பு வைத்தாலும் பூபதி கறிவேப்பிலை சாப்பிடமாட்டான்.