சுற்றிப் பார்க்கத் துணிந்தவள்

சடசடவென்று பிடித்துக்கொண்டது மழை. மைதானத்திலிருந்து ஓடி வந்தவள், எதிரே திறந்திருந்த கதவுக்குள் புகுந்தாள். ஈரக் கை... பிடி நழுவி, இரும்புக் குண்டு தொம்மென்று மரத்தரையில் விழுந்தது!

“ஐயோ, என் தரை!”

அலறியவன் நடன ஆசிரியன். அந்தக் கூடம் அவனுடையது. ஒல்லி உடம்பு, கோபத்திலும் சிரிக்கிற கண்கள்.

“தரை மேல இருக்கிற அக்கறை என் கால் மேல இல்லையே!”

“உங்க கால் தப்பிச்சிருச்சு. பாவம், தரைக்கு ஓடத் தெரியலையே!”

சிரிக்கக் கூடாதென்றுதான் நினைத்தாள்... உதடு கேட்டால்தானே!

மழையும் விடவில்லை, பேச்சும் விடவில்லை. குண்டு எறிதலில் நாட்டு அணிக்கான தேர்வு நெருங்குகிறது. அவள் எறியும் தூரமோ இரண்டு வருடமாக ஒரு சாண்கூட ஏறவில்லை. இந்தமுறை விட்டால் அணிக் கனவை மூட்டை கட்ட வேண்டியதுதான். எப்படி எறிவாள் என்று கேட்டான். முதுகைக் காட்டி நின்று, பின்னால் சறுக்கி வந்து காட்டினாள்.

“சறுக்குறதுக்குப் பதிலா சுத்தி வந்தா வேகம் கூடாதா?”

“அண்ணன்தான் என் கோச். சுத்துறது வெறும் வேடிக்கைன்னு சொல்வார். எனக்குத் தலையும் சுத்தும்.”

“உடம்பு திரும்பட்டும், பார்வை ஒரே இடத்துல நிக்கட்டும். முடியாதப்போ சட்டுன்னு தலையைத் திருப்பி, மறுபடி அதே இடத்தைப் பிடிங்க.”

“எந்த இடத்தை?”

“இப்போதைக்கு... என்னைப் பாருங்க.”

சுற்றினாள். சுவர், ஜன்னல், மழை எல்லாம் கலைந்து ஓட, அந்த இரண்டு கண்கள் மட்டும் அசையாமல் காத்திருந்தன. தலை சுற்றவில்லை. நெஞ்சுதான் என்னவோ செய்தது...

தினமும் வந்தாள். அவனும் சும்மா இருக்கவில்லை; அவள் காலை ஊன்றும் விதத்தைக் கேட்டுக் கேட்டுக் கற்றான். ‘தானே ஆசிரியர், கேட்க வெட்கமே இல்லையே இவருக்கு!’ என்று உள்ளுக்குள் வியந்துபோனாள்.

விஷயம் அண்ணன் காதுக்குப் போனது.

“நான் சொல்லிக்குடுத்தது பத்தாதுன்னு டான்ஸ் மாஸ்டர்கிட்ட போய் நிக்கிறியா?”

“நீ போட்ட அஸ்திவாரத்தை யாருண்ணா இடிக்கப் போறா? மேல ஒரு மாடி கட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.”

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். 

தேர்வு நாள். சுற்றி எறிந்த முதல் இரண்டு முறையும் வட்டத்துக்கு வெளியே கால் போய், எறிந்தது செல்லாமல் போயிற்று. மிச்சம் ஒரே வாய்ப்பு. பழையபடி சறுக்கினால் கால் தப்பாது... ஆனால் அந்தப் பழைய தூரத்துக்கு அணியில் இடமும் கிடையாது. 

வேலியோரம் அண்ணன் குரல்!

“இடது கால் லேட்டா இறங்குது பாப்பா. சீக்கிரம் ஊனு.”

“அப்போ... சறுக்க வேண்டாமா?”

“ரெண்டு தடவையும் குண்டு எவ்வளவு தூரம் போச்சுன்னு பார்த்தேன்ல, சுத்துன்னுதான் சொல்றேன்!”

சுற்றினாள். ஊன்றினாள். குண்டு பறந்து, அவள் இதுவரை எட்டாத புல்லில் போய்ப் புதைந்தது. அணியில் இடம் உறுதி!

அண்ணன் நேரே, கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நடன ஆசிரியனிடம் போனான். “தம்பி, நான் பழக்குற மத்த பிள்ளைங்களுக்கும் இதைக் கத்துக்குடுக்கணும். முதல்ல எனக்குச் சொல்லுங்க.” சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே நடுவர்களைப் பார்க்கப் போய்விட்டான்.

“இனிமே அண்ணனே பார்த்துக்குவார். நான் வேண்டாம், இல்ல?” அவன் எங்கோ பார்த்தபடி கேட்டான்.

“ஆமா. பயிற்சிக்கு வேண்டாம்.”

அவன் முகம் வாடியது.

“எனக்குத்தான் வேணும்...” என்றாள், சொல்லிவிட்டுக் காதுவரை சிவந்தாள்.

 அவன் சரியென்று தலையை ஆட்டினான்... ஆட்டிக்கொண்டே இருந்தான்!