தோண்டாத நாய் வேண்டும்

டெலிபோன் அலறியது.

முகத்தில் பாதி நுரையோடு நின்றிருந்த பல் டாக்டர் தூக்கிவாரிப் போடத் திரும்பினார். ரேஸர் தாடையைக் கீறிவிட்டது.

தினமும் இந்த நேரத்தில்தான் வேறொரு சத்தம் கேட்கும். பின்பக்கத் தோட்டத்திலிருந்து... மண்ணுக்குள்ளிருந்து...

சரக்... சரக்...

யாரோ நகத்தால் பிராண்டுகிற சத்தம். இரண்டு வருடமாகக் கேட்கிறது. அவருக்கு மட்டும்!

ரிசீவரை எடுத்தார். நாய்க்குட்டி வளர்த்து விற்கிற நாய்க்காரம்மா.

"சார், பத்து மணிக்கு வீட்டைப் பார்க்க வர்றேன். குட்டியோட தாயையும் கூட்டிட்டு வருவேன்."

"வீட்டை எதுக்கும்மா பார்க்கணும்? குட்டியைக் கொடுங்க, போதும்."

"பார்க்காம நான் கொடுக்கறதில்லை சார். தாய் உங்க தோட்டத்துல நிம்மதியா ஒரு தூக்கம் போடணும். போட்டா குட்டி உங்களுக்கு. இல்லேன்னா கிடையாது."

டக்கென்று வைத்துவிட்டாள்.

பல் டாக்டர் தாடையில் கசிந்த ரத்தத்தைத் துடைத்தார்.

கடைவீதியில் கூண்டு கூண்டாக அடைத்து விற்கிறவனிடம் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அவன் கேள்வி கேட்க மாட்டான். ஆனால் மகள் பாப்பா ஒரே பிடிவாதம், நாய்க்காரம்மாவிடம்தான் வாங்க வேண்டும் என்று. எட்டு வயது. அம்மா 'ஓடிப்போன' நாளிலிருந்து வாயே திறக்காத குழந்தை, அன்றைக்குத்தான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாள். நாய் வளருங்கள், குழந்தை பேசும் என்று குழந்தை டாக்டரும் சொல்லிவிட்டார். மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். பாப்பாவின் பெரியம்மா ஏற்கனவே குழந்தையைத் தன்னிடம் விடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஏன் என்று கேட்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

அந்தத் தோட்டத்தில் யாரும் எதையும் கேட்கக் கூடாது. தோண்டவும் கூடாது!

போன வாரம் நாய்க்காரம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சுத்தமான கொட்டகை. கூண்டே கிடையாது. ஒவ்வொரு குட்டியும் தாயோடு இருந்தது. தடுப்பூசி அட்டைகள் சுவரில் வரிசையாகத் தொங்கின.

பாப்பா லேப்ரடார் குட்டியைக் கட்டிக்கொண்டாள்.

"இது தோண்டுமா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"குட்டியா இருக்கறப்போ தோண்டும் சார்."

வேண்டாம் என்றார். பீகிளுக்கு மோப்பம் எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அதுவும் வேண்டாம். டாஷண்டுக்குத் தோண்டுவதே பிழைப்பு என்று தெரிந்ததும் இரண்டடி பின்வாங்கினார். நாய்க்காரம்மா ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

கடைசியில் பக். சப்பை மூக்கு, குறட்டை, தொப்பை.

"இது?"

"சோம்பேறி சார். தோண்டாது. சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் நடக்கவே யோசிக்கும்."

"இதுவே இருக்கட்டும்," என்றார் பல் டாக்டர். அன்றைக்குத்தான் மூச்சு ஒழுங்காக வந்தது.

பத்து மணி.

வேன் வந்து நின்றது. மீசைக்கார டிரைவர் கேட்டிலேயே சாய்ந்துகொண்டார். நாய்க்காரம்மா கூடையோடும், தாய் பக்கோடும் உள்ளே வந்தாள். குட்டியைப் பாப்பாவின் மடியில் விட்டதும் அந்தக் குழந்தை சிரித்தது. இரண்டு வருடத்தில் முதல் சிரிப்பு. பல் டாக்டருக்கே நெஞ்சு கனத்துவிட்டது.

தாய் பக் ஹாலைச் சுற்றியது. சமையலறையைச் சுற்றியது. பின்கதவு வழியாகத் தோட்டத்தில் இறங்கியது. இருவரும் பின்னாலேயே போனார்கள்.

மரத்தடியில் சிமென்ட் பெஞ்ச். அவர் தன் கையாலேயே போட்டது.

நாய் நேராக அதனடியில் நுழைந்தது!

"நிழல் பார்க்குது," என்றாள் நாய்க்காரம்மா.

நாய் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. முன்னங்கால் இரண்டையும் மண்ணில் ஊன்றி...

சரக்... சரக்...

அதே சத்தம். இரண்டு வருடமாகக் கேட்ட அதே சத்தம்!

"இழுங்க அதை!" அவர் குரல் உடைந்தது. "அவ தூங்கறா... அவளை எழுப்பிடாதே!"



கேட்டில் நின்ற டிரைவர் எப்போது பின்னால் வந்தார் என்று தெரியவில்லை. அவரிடம் கைவிலங்கு இருந்தது.

"என் தம்பி," என்றாள் நாய்க்காரம்மா. "இன்ஸ்பெக்டர். இன்னைக்கு மட்டும் டிரைவர்."

பல் டாக்டர் பெஞ்சிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

"குட்டி கேட்டு வர்ற எல்லா அப்பாவும் மொதல்ல கேக்கறது, குழந்தையைக் கடிக்குமான்னுதான். நீங்க கடைசி வரைக்கும் அதைக் கேக்கவே இல்லை சார். தோண்டுமான்னே கேட்டீங்க. வீட்டுக்குப் போய்ப் பழைய நோட்டைப் புரட்டினேன். இதே விலாசம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா பாப்பாவோட வந்து லேப்ரடார் குட்டி சொல்லி வெச்சாங்க. சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்னாங்க. வரலை."

அவள் குரல் தழைந்தது.

"வெள்ளிக்கிழமை ஓடிப்போயிட்டாங்கன்னு ஊர்ல சொன்னாங்க. ஓடிப்போறவ, குழந்தைக்கு நாய்க்குட்டி சொல்லி வெச்சுட்டாப் போவா?"

வீட்டுக்குள்ளிருந்து பாப்பாவின் பேச்சுக் குரல் கேட்டது. குட்டியிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல்.

"வேன்ல பாப்பாவோட பெரியம்மா உக்காந்திருக்காங்க," என்றாள் நாய்க்காரம்மா மெதுவாக. "குழந்தை இதையெல்லாம் பார்க்க வேண்டாம்."

பல் டாக்டர் நிமிர்ந்தார்.

"பக் தோண்டாதுன்னு சொன்னீங்களே..."

"இப்பவும் அதான் சொல்றேன். எந்த நாயும் படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பிராண்டு பிராண்டும். நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா அது பாட்டுக்குத் தூங்கியிருக்கும். அங்க பாருங்க."

பெஞ்சுக்கடியில் தாய் பக் நாலு காலையும் பரப்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"நிம்மதியாத் தூங்கிருச்சு. நான் சொன்ன சொல் மாற மாட்டேன் சார்... குட்டி பாப்பாவுக்கு. கூண்டு உங்களுக்கு!"